சந்தேகம் என்றால் ‘டவுட்’டா, ‘சஸ்பெக்ட்’டா? ஆங்கிலத்தின் சின்னச் சொற்களைச் சரியாகப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காய்ச்சலோடு வந்த நோயாளியைப் பற்றி நர்ஸ் ஒருவர் குறிப்பு எழுதுகிறார். மனதில் ஓடுவது, ‘டெங்குவா இருக்குமோன்னு சந்தேகம்’. தாளில் விழுவது, ‘ஐ டவுட் இட் இஸ் டெங்கு’. அடுத்த ஷிப்டில் அதைப் படிக்கும் வெளிநாட்டு டாக்டர் புரிந்துகொள்வது, ‘டெங்குவாக இருக்காது’. எழுத்துப்பிழை கிடையாது, இலக்கணப்பிழையும் கிடையாது. பொருள் மட்டும் நேர் எதிராகப் போய்விட்டது.

நம் ‘சந்தேகம்’ இரண்டு பக்கமும் சாயும் சொல். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு தனிச்சொற்கள் உண்டு. இருக்கலாம் என்று சாய்ந்தால் ‘சஸ்பெக்ட்’, இருக்காது என்று சாய்ந்தால் ‘டவுட்’. இந்த வேறுபாடு தமிழுக்குத் தெரியாததல்ல. ‘டெங்குவா இருக்குமோ’ என்பதில் உள்ள ஓகாரம் சஸ்பெக்ட். ‘டெங்குதானா’ என்பதில் உள்ள ‘தானா’ டவுட். சொல்லின் வாலில் தமிழ் வைத்திருக்கும் பொருளை ஆங்கிலம் தனிச்சொல்லாக வெளியே எடுத்து வைக்கிறது. மொழிபெயர்க்கும்போது நாம் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிடுகிறோம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வாலைப் பற்றியதுதான்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்தது 1806இல். அந்தக் காலந்தொட்டு ஆங்கிலம் படித்துவருவது நம் கன்னியாகுமரி மாவட்டம். மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகும் நர்ஸுகள், கப்பல் வேலைக்குப் போகும் பையன்கள், கன்னியாகுமரியில் பயணிகளுக்கு வழிகாட்டுபவர்கள் என்று ஆங்கிலத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இங்கே ஏராளம். இவர்களுக்குப் பெரிய சொற்கள் பெரும்பாலும் தெரியும். சறுக்குவது இரண்டு மூன்று எழுத்துள்ள சொற்களில்தான்.

முதல் படி: தமிழில் எழுதி வாலை வட்டமிடுங்கள்

ஒரு நோட்டும் இரண்டு நிற பேனாவும் போதும். நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்கடி எழுத வேண்டிவரும் 10 வாக்கியங்களை, வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். மேடைத் தமிழில் எழுதினால் வால் மறைந்துவிடும். எழுதியபின் இரண்டாவது பேனாவால் இவற்றை மட்டும் வட்டமிடுங்கள்: தான், ஆக்கும், மட்டும், உம், ஓ, ஐ, க்குள், வரை, லேருந்து, ஆக, முன்னாடி, கூடாது, வேண்டாம், இருக்கிறேன். ஆங்கிலத்தின் சின்னச் சொல்லை முடிவுசெய்வது வட்டத்துக்குள் இருப்பவைதான். மற்றச் சொற்களுக்கு அகராதி போதும், வட்டத்துக்குள் இருப்பவற்றுக்கு அகராதி உதவாது. ‘தான்’ என்பதற்கு அகராதி தரும் சொல்லை நம்பி எழுதித்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

இரண்டாம் படி: ‘தான்’, ‘ஆக்கும்’, ‘மட்டும்’

‘எங்கிருந்து வாறீங்க?’ ‘நாகர்கோவில்லேருந்துதான் வாறேன்.’ இதை அப்படியே ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் நாகர்கோவில் ஒன்லி’ என்கிறோம். கேட்கும் வெளிநாட்டவருக்கு ‘நாகர்கோவிலிலிருந்து மட்டும், வேறு எங்கிருந்தும் இல்லை’ என்று விழும். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது போல இருக்கும்.

‘தான்’ மூன்று வேலை செய்கிறது. அவற்றைப் பிரித்துவிட்டால் ‘ஒன்லி’யால் வரும் தொல்லை தீர்ந்தது.

ஒன்று, அளவைக் குறுக்குவது. ‘ரெண்டு பேர்தான் வந்தாங்க.’ ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் ‘ஒன்லி’ சரி: ‘ஒன்லி 2 பீப்பிள் கேம்.’

இரண்டு, ஆளையோ பொருளையோ சுட்டி அழுத்துவது. ‘டாக்டர்தான் சொன்னாரு.’ மற்றவர் யாரும் சொல்லவில்லை என்பது இங்கே செய்தியல்ல, சொன்னவர் இன்னார் என்பதே செய்தி. இதற்கு ‘இட் வாஸ் தி டாக்டர் ஹூ செட் சோ’. ‘ஒன்லி தி டாக்டர் செட் சோ’ என்று எழுதினால், டாக்டரைத் தவிர யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆகவே நம்பத் தயக்கம் என்ற நிழல்கூடப் படியும்.

மூன்று, வெறும் பேச்சு ஓட்டம். ‘வேலைக்குத்தான் போறேன்’, ‘நேத்துதான் வந்தேன்’. முதலாவதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் வேண்டாம், விட்டுவிடுங்கள். இரண்டாவதில் ‘இவ்வளவு சமீபத்தில்’ என்ற பொருள் இருப்பதால் ‘ஒன்லி எஸ்டர்டே’ என்று ‘ஒன்லி’ முன்னால் வரலாம். ‘எஸ்டர்டே ஒன்லி’ என்று பின்னால் போட்டால் அது நம்மூர் ஆங்கிலம்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம்முடைய ‘ஆக்கும்’. மற்ற ஊர்களில் ‘வருவானாக்கும்’ என்றால் ஊகம். இங்கே ‘இது எங்க வீடாக்கும்’ என்றால் உறுதி. அந்த உறுதியையும் ‘ஒன்லி’ ஆக்கி ‘திஸ் இஸ் அவர் ஹவுஸ் ஒன்லி’ என்று சொல்பவர்கள் உண்டு. அதைக் கேட்பவர் ‘வீடு மட்டும் உங்களுடையது, மனை வேறொருவருடையது போல’ என்று நினைக்க இடமிருக்கிறது. ‘ஆக்கும்’ வரும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் ‘திஸ் இஸ் அவர் ஹவுஸ்’ என்று நிறுத்திவிடுங்கள். அழுத்தம் வேண்டுமென்றால் குரலில் ‘அவர்’ என்ற சொல்லைத் தூக்கிச் சொல்ல வேண்டும்.

இனி, உண்மையிலேயே ‘மட்டும்’ என்ற பொருள் வரும்போது ‘ஒன்லி’யை எங்கே வைப்பது? கண்ணாடி விதி ஒன்றை மனதில் வையுங்கள். தமிழில் ‘மட்டும்’ எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறதோ, ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ அதே சொல்லுக்கு முன்னால் நிற்கும்.

‘ஒன்லி ஷி கேவ் ஹிம் 2 டாப்லெட்ஸ்’: அவள் மட்டும் கொடுத்தாள், மற்ற நர்ஸுகள் கொடுக்கவில்லை. ‘ஷி கேவ் ஒன்லி ஹிம் 2 டாப்லெட்ஸ்’: அவனுக்கு மட்டும் கொடுத்தாள், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இல்லை. ‘ஷி கேவ் ஹிம் ஒன்லி 2 டாப்லெட்ஸ்’: 2 மாத்திரை மட்டும், 3 கொடுக்கவில்லை. ஆங்கிலேயர்கள் பேச்சில் ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் போட்டுவிட்டு அழுத்தத்தால் சமாளிப்பார்கள். எழுத்தில், அதுவும் மருந்துக் குறிப்பில், அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஈவன்’ என்ற சொல்லுக்கும் இதே விதி பொருந்தும், தமிழில் ‘கூட’ ஒட்டும் சொல்லுக்கு முன்னால் அது வரும்.

மூன்றாம் படி: க்குள், வரை, முன்னாடி, ஆக

காலத்தைக் குறிக்கும் வால்களில் தமிழ் மிகத் தெளிவானது. ‘வெள்ளிக்குள்’ வேறு, ‘வெள்ளி வரை’ வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘க்குள்’ வந்தால் ‘பை’. ‘வரை’ வந்தால் ‘அன்டில்’ அல்லது ‘டில்’. ‘ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்குள் முடி. ‘வொர்க் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரை செய். ஒரே நொடியில் முடிகிற செயல் என்றால் ‘பை’, நீண்டுகொண்டே போகிற செயல் என்றால் ‘அன்டில்’. நம் மாவட்டத்தின் கதையிலேயே இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். ‘அன்டில் 1956’ இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இருத்தல் நீண்ட செயல். அந்த ஆண்டு நவம்பர் 1இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது. அது ஒரு நாள் நிகழ்வு, அதற்கு ‘ஆன் 1 நவம்பர் 1956’.

‘அன்டில்’லில் ஒரு பள்ளம் இருக்கிறது. கடைசி நாளும் சேர்ந்ததா என்று அது சொல்லாது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மொத்தம் 61 நாள். ஜூனில் 30, ஜூலையில் 31. ஆக ஜூலை 31ஆம் தேதியும் தடைக்குள்தான் வருகிறது என்று எண்ணிக்கையே காட்டிவிடுகிறது. எண்ணிக்கை இல்லாமல் ‘தி பேன் இஸ் அன்டில் 31 ஜூலை’ என்று மட்டும் எழுதினால், 31 அன்று படகை இறக்கலாமா கூடாதா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘அப் டு அண்ட் இன்க்ளூடிங் 31 ஜூலை’ என்று எழுதுங்கள். மூன்று சொல் கூடுகிறது, சந்தேகம் முழுதாகத் தீர்கிறது. விசா, ஒப்பந்தம், லீவு லெட்டர் என்று தேதி பேசும் எல்லாத் தாளிலும் இப்படியே எழுதுவது நல்லது.

‘மூணு நாள்ல வாங்க’ என்று நாம் சொல்வது தமிழிலேயே கொஞ்சம் மங்கல். ‘கம் இன் 3 டேஸ்’ என்றால் மூன்று நாள் கழித்து வா. ‘கம் விதின் 3 டேஸ்’ என்றால் மூன்று நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும் வா. தையல் பிரிக்க வரச்சொல்லும்போது இந்த இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது ‘முன்னாடி’. ‘ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி’ என்பதை ‘பிஃபோர் 2 இயர்ஸ்’ என்று எழுதுவது தமிழர் எல்லோருக்கும் பொதுவான வழுக்கல். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘அகோ’, அதுவும் எண்ணுக்குப் பின்னால்: ‘2 இயர்ஸ் அகோ’. ‘பிஃபோர் 2 இயர்ஸ்’ என்று படிப்பவர், இரண்டு ஆண்டு முடிவதற்குள் என்று எடுத்துக்கொள்ளக் கூடும். நடந்து முடிந்தது நடக்கப் போவதாகிவிடும். கடந்த காலத்தில் வேறொரு புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போதுதான் ‘பிஃபோர்’ எண்ணுக்குப் பின்னால் வரும்: நான் 2020இல் சேர்ந்தபோது, அவர் விலகி ‘2 இயர்ஸ் பிஃபோர்’.

‘ஆக’, ‘லேருந்து’ இரண்டும் எளிது. ‘நாலு வருஷமா’ என்றால் ‘ஃபார் 4 இயர்ஸ்’. ‘2021லேருந்து’ என்றால் ‘சின்ஸ் 2021’. ஃபார் நீளத்தை அளக்கிறது, சின்ஸ் தொடங்கிய புள்ளியைக் காட்டுகிறது. ‘சின்ஸ் 4 இயர்ஸ்’ என்று வந்தால் அடித்துவிடுங்கள்.

நான்காம் படி: வந்தார், வந்திருக்கிறார், வருவார்

பயோடேட்டாவில் மிகுந்த சேதம் செய்வது இந்த இடம். ‘ஐ வொர்க்ட் இன் தி ஐசியூ ஃபார் 3 இயர்ஸ்’ என்றால் மூன்று ஆண்டு பார்த்தேன், இப்போது அங்கே இல்லை. ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் தி ஐசியூ ஃபார் 3 இயர்ஸ்’ என்றால் இன்றும் அங்கேயே இருக்கிறேன் என்றே படிக்கப்படும். வேறுபாடு ‘ஹேவ்’ என்ற ஒரே சொல். இன்றைக்கும் வேலையில் இருப்பவர் அதை விட்டுவிட்டால், நடுவில் ஏன் வேலையை விட்டீர்கள் என்ற கேள்வி இன்டர்வியூவில் வரும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. தமிழில் ‘நேத்து வந்திருக்காரு’ என்று தாராளமாகச் சொல்லலாம். நேரில் பார்க்கவில்லை, பிறகு தெரியவந்தது என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹேஸ் கம்’ அந்த வேலையைச் செய்யாது. நேற்று, 2019, போன வாரம் என்று முடிந்த நேரம் வாக்கியத்தில் வந்துவிட்டால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ இரண்டும் ஒதுங்க வேண்டும். விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் ‘வாஸ் ஓப்பன்ட் இன் 1970’. 133 அடி திருவள்ளுவர் சிலை ‘வாஸ் அன்வெய்ல்ட் ஆன் 1 ஜனவரி 2000’. ‘ஹேஸ் பீன்’ போட்டுவிட்டு ஆண்டையும் சேர்ப்பது பயணிகளிடம் பேசும்போது வழக்கமாக வரும் தவறு. வரி எழுதியதும், முடிந்த நேரச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ஹேவ்’வை எடுங்கள்.

‘யூஸ்டு டு’ பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘தினமும் மூணு தடவை பிரஷர் பார்ப்பேன்’ என்கிறோம். ‘பார்ப்பேன்’ என்பது நேற்றைய வழக்கத்துக்கும் வரும், இன்றைய வழக்கத்துக்கும் வரும். ஆனால் ‘ஐ யூஸ்டு டு செக் பீபி 3 டைம்ஸ் எ டே’ என்றால் ஒரு காலத்தில் பார்த்தேன், இப்போது பார்ப்பதில்லை. வேலையை நிறுத்திவிட்டதாக உங்கள் கையாலேயே எழுதிக்கொடுத்த மாதிரி. இன்றும் தொடரும் வழக்கத்துக்கு ‘யூஸ்டு டு’வை வெட்டிவிட்டு ‘ஐ செக்’ என்று எழுதினால் முடிந்தது. இதில் ‘ஆம்’ என்ற துண்டு நுழைந்தால் பொருள் மீண்டும் புரளும். ‘ஐ யூஸ்டு டு வொர்க் நைட்ஸ்’: முன்பு இரவு வேலை பார்த்தேன். ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் நைட்ஸ்’: இரவு வேலை எனக்குப் பழக்கம்தான். இரண்டாவதில் ‘வொர்க்’ அல்ல, ‘வொர்க்கிங்’.

ஐந்தாம் படி: ‘ஐ’ உருபுக்குள் ஒளிந்திருக்கும் ‘தி’

‘எ’, ‘தி’ பற்றிய பாடம் என்றாலே பலருக்குக் கசப்பு. தமிழில் அது கிடையாது, மனப்பாடம் செய்தாக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தமிழில் அது இருக்கிறது, இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறது.

‘புத்தகம் வாங்கினேன்.’ ‘புத்தகத்தை வாங்கினேன்.’ முதலாவதைக் கேட்பவர் ‘என்ன புத்தகம்?’ என்று கேட்கலாம். இரண்டாவதில் அந்தக் கேள்விக்கு இடமில்லை, எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் ஏற்கெனவே தெரியும். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘தி புக்’. ஆட்களிலும் சில இடங்களில் இது நடக்கும். ‘பெண் பார்க்கப் போனாங்க’, ‘பெண்ணைப் பார்க்கப் போனாங்க’ என்ற இரண்டையும் சொல்லிப்பாருங்கள். முதலாவதில் எந்தப் பெண் என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவதில் குறிப்பிட்ட ஒருத்தி.

எழுவாயில் வரும்போது ‘அந்த’ சேர்த்துப் பாருங்கள். ‘(அந்த) படகு கவிழ்ந்தது’ என்று சேர்த்தாலும் பொருள் கெடாவிட்டால் ‘தி போட்’. ‘ஒரு படகு’ என்றுதான் இயல்பாக வருமென்றால் ‘எ போட்’. முதல் முறை சொல்லும்போது ‘எ’, மறுமுறை ‘தி’ என்ற பள்ளிக்கூட விதியும் இதன் கிளைதான். ஆட்களுக்கு ‘ஐ’ உருபு பெரும்பாலும் கட்டாயம் என்பதால் இந்தச் சோதனை பொருட்களுக்கே நன்றாக வேலை செய்யும். அதை மறந்தால் ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’ என்பதற்கும் ‘தி’ போட்டுவிடுவீர்கள்.

இரண்டும் இல்லாமல் வெறுமையாக விடும் இடங்கள் நம் மாவட்டத்துக்கு நெருக்கமானவை. ‘மை ஃபாதர் இஸ் அட் ஸீ’ என்றால் அப்பா கடலில் தொழிலுக்குப் போயிருக்கிறார். ‘மை ஃபாதர் இஸ் அட் தி ஸீ’ என்றால் கடற்கரைக்குப் போயிருக்கிறார், காற்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். குளச்சலிலும் முட்டத்திலும் ஒரு குடும்பத்துக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது! அதுபோல, பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ வாஸ் இன் ஹாஸ்பிடல் ஃபார் 2 மந்த்ஸ்’ என்றால் இரண்டு மாதம் நோயாளியாகக் கிடந்தேன். நர்ஸாக வேலை பார்த்தவர் ‘ஐ வொர்க்ட் இன் எ ஹாஸ்பிடல்’ என்று எழுத வேண்டும். அமெரிக்கர்கள் நோயாளிக்கும் ‘இன் தி ஹாஸ்பிடல்’ என்பார்கள், ஆகவே எந்த நாட்டுக்கு எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

ஊர்ப்பெயர்களுக்குச் சுருக்கமாக: கடல், ஆறு, மலைத்தொடர் மூன்றுக்கும் ‘தி’ உண்டு. தி அரேபியன் ஸீ, தி பே ஆஃப் பெங்கால், தி இந்தியன் ஓஷன், தி கோதையார், தி வெஸ்டர்ன் காட்ஸ். ஊருக்கும் தனி மலைக்கும் கிடையாது. நாகர்கோவில், தோவாளை, மருந்துவாழ்மலை எல்லாம் வெறுமையாகவே நிற்கும்.

ஆறாம் படி: கூடாது வேறு, வேண்டியதில்லை வேறு

‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டும் ‘வேண்டும்’ என்ற ஒரே பக்கத்தில் நிற்பவை. ‘நாட்’ சேர்ந்ததும் எதிரெதிர்த் திசைக்குப் போய்விடும். ‘யூ மஸ்ட் நாட் ஈட்’ என்றால் சாப்பிடக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு ஈட்’ என்றால் சாப்பிட வேண்டியதில்லை, சாப்பிட்டாலும் குற்றமில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய இரவு நோயாளியிடம் இரண்டாவதைச் சொல்லிவிட்டால் அவர் காலையில் ஆப்பம் தின்றுவிட்டு வருவார். நம் ‘வேண்டாம்’தான் இங்கே குழப்புகிறது, அது தடையாகவும் வரும், தேவையின்மையாகவும் வரும். ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தால் முதலில் அதை ‘கூடாது’ அல்லது ‘வேண்டியதில்லை’ என்று தமிழிலேயே மாற்றுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

‘யூ ஹேட் பெட்டர் டேக் ரெஸ்ட்’ என்பதை ‘ஓய்வெடுப்பது நல்லது’ என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ‘இல்லாவிட்டால் பார்’ என்ற எச்சரிக்கை கலந்திருக்கிறது. நோயாளிக்கும் விருந்தினருக்கும் ‘யூ ஷுட்’ அல்லது ‘இட் வுட் பி குட் டு’ போதும்.

ஏழாம் படி: செய்ய, செய்தது

இது விரைவில் பிடிபடும். தமிழில் ‘பூட்ட’, ‘சாப்பிட’ என்று செயவென் எச்சம் வந்தால் ஆங்கிலத்தில் ‘டு’. ‘பூட்டியது’, ‘சாப்பிடுவது’ என்று தொழிற்பெயர் வந்தால் ‘இங்’. ‘ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்’: பூட்ட மறந்தேன், கதவு திறந்து கிடக்கிறது. ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்’: பூட்டியது நினைவிருக்கிறது. ‘ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்’: பீடி குடிக்க நின்றான். ‘ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’: பீடி குடிப்பதை விட்டுவிட்டான். நோயாளியின் வரலாற்றில் இந்த ஒரு ‘டு’ வந்துவிட்டால், பீடியை விட்டவரைப் பீடிக்காக நின்றவர் ஆக்கிவிடுவீர்கள்.

எட்டாம் படி: ‘எல்லாம்’ சேர்ந்த எதிர்மறை

‘எல்லாப் படகும் திரும்பலை.’ ஒரு படகுகூடத் திரும்பவில்லையா? சிலது திரும்பி, சிலது திரும்பவில்லையா? தமிழிலும் இது இரண்டு பக்கமும் போகும். ‘ஆல் தி போட்ஸ் டிட் நாட் ரிட்டர்ன்’ என்பதும் அப்படியே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்த நாட்களை நினைத்தால், இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குமரிக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ‘ஆல்… நாட்’ என்ற கட்டை முழுவதுமாக விட்டுவிடுங்கள். சிலது திரும்பியது என்றால் ‘நாட் ஆல் தி போட்ஸ் ரிட்டர்ன்ட்’. எதுவுமே திரும்பவில்லை என்றால் ‘நன் ஆஃப் தி போட்ஸ் ரிட்டர்ன்ட்’. முடிந்தால் எண்ணைச் சொல்லுங்கள்.

‘கொஞ்சம்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘கொஞ்சம் பேர் வந்தாங்க’ என்றால் ‘எ ஃபியூ’. ‘கொஞ்சம் பேர்தான் வந்தாங்க’ என்ற குறை இருந்தால் ‘எ’ போய்விடும், வெறும் ‘ஃபியூ’. எண்ண முடியாத தண்ணீர், பணம், நேரத்துக்கு இதே கணக்கில் ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’.

சிதறிக் கிடப்பவை சில. ‘இடம்’ வந்தால் ‘டு’, ‘மேல்’ வந்தால் ‘அட்’: ‘த்ரோ தி பால் டு ஹிம்’ என்றால் அவன் பிடிக்கும்படி எறி, ‘அட் ஹிம்’ என்றால் அவன்மேல் அடி. விசா விண்ணப்பத்தில் ‘மை பிரதர் ஹூ இஸ் இன் துபாய்’ என்று கமா இல்லாமல் எழுதினால் இன்னும் சகோதரர்கள் உண்டு, அவர்களில் துபாயில் இருப்பவர் என்று பொருள். ‘மை பிரதர், ஹூ இஸ் இன் துபாய்,’ என்று இரு பக்கமும் கமா வந்தால் ஒரே சகோதரர். குடும்ப விவரப் பட்டியலோடு இது ஒத்துப்போக வேண்டும். ‘வி’ என்ற சொல்லில் நாம், நாங்கள் இரண்டும் அடங்கும். ‘வி வில் மீட் தி டாக்டர்’ என்று எழுதினால் படிப்பவரும் கூட வர வேண்டுமா என்று தெரியாது. ‘மை மதர் அண்ட் ஐ’ என்று ஆளைச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: திருப்பிப் பார்த்தல்

எழுதிய ஆங்கிலத்தை உங்கள் தமிழ் வாக்கியத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அக்காவோ நண்பரோ யாரானாலும் சரி. வீட்டில் பேசும் தமிழில் அதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்ன வாலையும் நீங்கள் வட்டமிட்ட வாலையும் ஒப்பிடுங்கள். சொல் மாறியிருந்தால் பரவாயில்லை. வால் மாறியிருந்தால் அந்த வாக்கியம் திரும்ப எழுதப்பட வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று ஒரு விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கலாம். இப்படிப்பட்டது சாதாரணமாக எழுதப்படுவதுதான்:

‘ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் ஹாஸ்பிடல் சின்ஸ் 4 இயர்ஸ். பிஃபோர் 2 இயர்ஸ் ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் ஐசியூ டிரெய்னிங். ஐ யூஸ்டு டு லுக் ஆஃப்டர் 6 பேஷன்ட்ஸ். மை ஹஸ்பண்ட் இஸ் இன் மஸ்கட் ஒன்லி. ஐ கேன் ஜாயின் அன்டில் 15 ஜூன்.’

ஐந்து வரி, ஐந்திலும் வால் தவறு. முதல் வரியில் ‘நாலு வருஷமா’ என்பதன் ‘ஆக’ சின்ஸ் ஆகிவிட்டது, இன்றும் தொடரும் வேலைக்கு ‘ஹேவ் பீன்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆம்’ நிற்கிறது. இரண்டாவதில் ‘முன்னாடி’ முன்னால் வந்து நிற்கிறது, கூடவே முடிந்த நேரத்தோடு ‘ஹேவ்’வும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதைப் படிப்பவர், இப்போது இவர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்வார். விண்ணப்பத்தில் மிகப்பெரிய இழப்பு இந்த வரியில்தான். நான்காவதில் பேச்சுத் ‘தான்’ தேவையில்லாமல் ‘ஒன்லி’ ஆனது. ஐந்தாவதில் அவர் நினைத்தது ‘15ஆம் தேதிக்குள் வந்து சேர்ந்துவிடுவேன்’. எழுதியது ‘15 வரைதான் என்னால் சேர முடியும், அதற்குப் பிறகு முடியாது’.

‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் திஸ் ஹாஸ்பிடல் ஃபார் 4 இயர்ஸ். ஐ கம்ப்ளீட்டட் ஐசியூ டிரெய்னிங் 2 இயர்ஸ் அகோ. ஐ லுக் ஆஃப்டர் 6 பேஷன்ட்ஸ். மை ஹஸ்பண்ட் இஸ் இன் மஸ்கட். ஐ கேன் ஜாயின் பை 15 ஜூன்.’

புதிதாகக் கடினமான சொல் ஒன்றுகூட நுழையவில்லை. வாக்கியங்களில் மூன்று கொஞ்சம் குட்டையாகிவிட்டன.

தேர்வு எழுதுபவர்களுக்கு நேரக் கணக்கும் முக்கியம். நர்ஸுகள் எழுதும் ஓஇடி தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். கடிதம் 180 முதல் 200 சொல்வரை. ஐஇஎல்டிஎஸ் தேர்வின் இரண்டாம் கட்டுரைக்கு 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல். இரண்டிலும் கடைசி 5 நிமிடத்தைச் சின்னச் சொற்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயன்றால் எதுவும் கண்ணில் படாது. முதல் சுற்றில் தேதிகளையும் கால அளவுகளையும் மட்டும் பாருங்கள், அவற்றின் பக்கத்தில் நிற்கும் சின்ஸ், ஃபார், பை, அகோ சரியா என்று. இரண்டாம் சுற்றில் ‘நாட்’ இருக்கும் வரிகள் மட்டும். மூன்றாம் சுற்றில் ‘எ’, ‘தி’. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: ‘தி’ விட்டுப்போனால் மதிப்பெண்தான் குறையும். தேதியும் ‘நாட்’டும் தவறினால் கடிதம் சொல்ல வந்த செய்தியே மாறிவிடும்.

வீடியோ இன்டர்வியூவுக்கு ஒன்றை மட்டும் சேர்த்துப் பயிற்சி செய்யுங்கள். ‘ஐ கேன் வொர்க் நைட்ஸ்’ என்று சொல்லும்போது நாம் ‘கேன்’ மேல் அழுத்தத்தைப் போடுவோம். கேட்பவர் காதில் அது ‘கான்ட்’ என்று, அதாவது முடியாது என்று விழ வாய்ப்புண்டு. அழுத்தத்தை ‘வொர்க்’ மேல் போட்டு, ‘கேன்’னை லேசாக விழுங்கிச் சொல்லுங்கள். முடியாது என்றால் சுருக்காமல் ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். லைன் விட்டு விட்டு வரும் நாளிலும் அது அப்படியே போய்ச் சேரும்.